வாசற்படி வழக்கு

பல்செட்டுக்காரரின் வீடு இணையத்தில் வந்திருக்கிறது என்பதை அவருக்கு முதலில் காட்டியவள் மெழுகக்கா. இருவரும் ஒரே பல் லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவர்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சின்மேல் மெழுகை உருக்கி ஈறு வடிப்பது அக்கா. அதில் பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவது இவர். அன்று புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்குக்கு வழி தேடிப் போனில் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்த அக்கா, எப்படியோ இவருடைய தெருவுக்குள் நுழைந்துவிட்டாள்.

"இது உன் வீடுதானே? வாசல்ல உக்காந்திருக்கிறது யாருப்பா?" என்று போனை நீட்டினாள்.

அவருடைய வீடுதான். வெளிர்நீல கேட், கொடியில் அவருடைய இரண்டு பனியன்கள், உடைந்த பக்கெட்டில் நட்ட கற்றாழை. வாசற்படியில், தலைக்குக் குளித்து முடியை விரித்துப்போட்டு வெயில் காய்ந்துகொண்டு அவருடைய தங்கை. தலையில் கேமராவைச் சுமந்துகொண்டு போன காரின் சத்தத்துக்குத் திரும்பியிருக்கிறாள். முகம் நேராகத் தெரிந்தது. நெற்றியில் இருந்த தழும்புகூடத் தெரிந்தது.

மனித முகங்களைத் தங்கள் இயந்திரம் தானாகவே கலைத்துவிடும் என்று அந்தத் தெருக்காட்சிக் கம்பெனி சொல்லியிருந்தது. சொன்னபடி கலைத்துத்தான் இருந்தது. எதிர்ச்சுவர் விளம்பரத்தில் சோப்பைக் கன்னத்தோடு வைத்துச் சிரிக்கும் நடிகையின் முகத்தைப் பத்திரமாகக் கலைத்திருந்தது. தங்கையை விட்டுவிட்டது.

தங்கை இவர் வீட்டில் இருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். அவளுடைய கணவனைக் குடிகாரன், உதவாக்கரை என்றெல்லாம் சொல்ல முடியாது. நல்ல வேலை, நல்ல பேச்சு, தேய்த்த சட்டை. அடிப்பதை மட்டும் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை கை, ஒரு முறை தோளெலும்பு. அவள் கிளம்பி வந்த நாளிலிருந்து உறவுக்காரர் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்தான். இவர் வீட்டை மட்டும் அவனுக்குத் தெரியாது. தங்கை கல்யாணத்துக்குப் பிறகு கட்டியது; கிரகப்பிரவேசத்துக்கு அவன் வரவும் இல்லை, அவளை அனுப்பவும் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள் தங்கை. வேறு இடத்தில் சேர்ந்தால் பழைய இடத்தில் விசாரிப்பார்கள் என்று வேலைக்கும் போகவில்லை. தெரு காலியாக இருக்கும் முற்பகலில் பத்து நிமிடம் படியில் வந்து உட்காருவாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கார் வந்திருக்கிறது.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அக்கா போனை அணைத்துவிட்டு, முதலில் அதை எடுக்கச் சொல்லு என்றாள்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் என்று ஒரு பொத்தான் இருந்தது. மறைக்க வேண்டியது வீடா, முகமா, வாகனமா என்று அது கேட்டது. முகம் என்றார். அரை நிமிடத்தில் பதில் வந்தது: கம்பெனிக்கு அவருடைய அந்தரங்கத்தின்மேல் அளவுகடந்த மரியாதை உண்டு, அந்த மரியாதையின் காரணமாகவே இதில் தானாக முடிவெடுக்க விரும்பவில்லை, அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவோடு வரவும். கீழே, உங்கள் வீட்டின் படம் பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் தரவும் என்றிருந்தது.

ஆணையம் ஏழு மாடிக் கட்டடம். தரையிலிருந்து மொட்டை மாடி வரை கண்ணாடி. எந்த மாடியில் யார் எதற்காக அழுகிறார்கள் என்பதை பஸ் நிறுத்தத்திலிருந்தே பார்க்கலாம். வாசலில், 'உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு' என்று ஆள் உயரப் பலகை. நுழைவில் ஒரு துண்டுச்சீட்டில் வந்த காரணத்தைச் சுருக்கமாக எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது.

"டோக்கன் பதினேழு. குளியலறை ஜன்னல்காரர் வரவும்."

ஓர் அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். இருநூறு பேரும் பார்த்தார்கள்.

"டோக்கன் இருபத்திரண்டு. மனைவிக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் சிகரெட் பிடித்தவர்."

அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் எழுந்தாள்.

பல்செட்டுக்காரர் எழுந்தார். துண்டுச்சீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நுழைவுக்கு ஓடினார். பாதி வழியிலேயே ஒலிபெருக்கி அவரைப் பிடித்துவிட்டது.

"டோக்கன் முப்பத்தொன்று. புருஷனிடமிருந்து ஓடிவந்த தங்கையை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவர்."

பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். சிரித்த முகம். பதினான்கு பக்கப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். மறைக்க வேண்டிய வீட்டை நான்கு புறமும் படம் எடுத்து இணைக்க வேண்டும். உள்ளே எத்தனை அறை, யார் எங்கே படுக்கிறார்கள் என்று வரைபடம் வேண்டும். மறைக்க வேண்டிய முகத்தின் தெளிவான படம் மூன்று வேண்டும். தெளிவாக இல்லாவிட்டால் எதை மறைப்பது என்று ஆணையத்துக்கு எப்படித் தெரியும்? இடது வீடு, வலது வீடு, எதிர்வீடு மூன்றிலும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வேண்டும். காரணத்தை நிரப்பிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், முன்னால் வாங்கினால் செல்லாது. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர், படிப்பு, கணவர் இருந்தால் அவர் பெயர், முகவரி. அது சும்மா ஒரு பதிவுக்கு என்றார் எழுத்தர்.

பல்செட்டுக்காரர் மூன்று வீட்டுக்கும் போய்க் கதையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மூன்று வீட்டாரும் இரக்கப்பட்டார்கள். இரக்கத்தைத் தாங்க முடியாமல் மற்ற வீடுகளுக்கும் சொன்னார்கள்.

படிவத்தைக் கொடுத்த மறுநாள் கம்பெனி ஒரு காரியம் செய்தது. விசாரணையில் இருக்கும் வீடுகளைப் பொதுமக்கள் தவறிப்போய்ப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, வரைபடத்தில் அவர் வீட்டின்மேல் சிவப்பாக ஒரு முக்கோணம் வைத்தது. முக்கோணத்தைத் தொட்டால், 'இந்த வீட்டில் உள்ள ஒரு நபர் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்' என்று வரும். தொடாமல் போகிறவன் யார்? அதுவரை மாதத்தில் மூன்று பேர் பார்த்திருந்த படத்தை ஒரே வாரத்தில் இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே கருத்து எழுதினார்கள். வாசல் அழகு, ஆள் அதைவிட அழகு என்று ஒருவன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ஒருவன். மறைக்கிறாள் என்றாலே ஏதோ இருக்கிறது என்று ஒரு பெண். ஸ்கூட்டர்கள் வெளிர்நீல கேட்டுக்கு முன்னால் வேகம் குறைந்தன. தங்கை படிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சமையலறை ஜன்னலையும் அட்டை வைத்து மூடினாள். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசி களைந்தாள்.

பத்தாம் நாள் கள ஆய்வாளர் வந்தார். கூடவே ஒரு படமெடுப்பவர், ஒரு டேப் பிடிப்பவர். படத்தில் இருக்கும் வீடும் இந்த வீடும் ஒன்றுதானா என்று கேட்டை அளந்தார்கள், படியை அளந்தார்கள், கற்றாழையை எண்ணினார்கள். பிறகு படத்தில் இருக்கும் பெண்ணும் இந்த வீட்டில் இருக்கும் பெண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் என்றார் ஆய்வாளர். அடையாள அட்டையைக் காட்டினார் பல்செட்டுக்காரர். அட்டையில் உட்கார்ந்த நிலை இல்லையே என்றார் ஆய்வாளர். அவளே வந்து அதே படியில், அதே பக்கம் திரும்பி உட்கார வேண்டும். முடியையும் அதேபோல விரித்துப்போட வேண்டும்.

வாசலில் அதற்குள் நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பல்செட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே வைத்துப் பாருங்கள் என்றார். உள்ளே போவது அந்தரங்கத்தில் நுழைவதாகும், ஆணையம் அதை அனுமதிக்காது என்று ஆய்வாளர் மறுத்துவிட்டார்.

தங்கை தானாகவே வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் கையிலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பொருந்தவில்லை என்றார். படத்தில் முடி ஈரமாக இருக்கிறது.

"ஒரு மக் தண்ணி ஊத்திக்கச் சொல்லுங்க சார். இதுக்காக இன்னொரு தடவை வர முடியாது."

தங்கை எழுந்து உள்ளே போனாள். மக்கில் தண்ணீரோடு வந்து, நாற்பது பேருக்கு நடுவில், தலையில் ஊற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள். திரும்பச் சொன்ன பக்கம் திரும்பினாள். படமெடுப்பவர் ஏழு படம் எடுத்தார். ஒரு படத்தில் கண் மூடிவிட்டதால் இன்னொன்று. ஆய்வாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நல்ல ஒத்துழைப்புக் கொடுக்கும் குடும்பம் என்று பாராட்டி, அறிக்கையிலும் அப்படியே எழுதிக்கொண்டார். அவர்கள் போன பிறகு பல்செட்டுக்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் போய் வாந்தி எடுத்தார். தங்கை தலையைத் துவட்டவில்லை. ஈரம் தானாகக் காயும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் தபாலில் ஒரு நகல் வந்தது. விசாரணைக்குத் தேதி குறித்திருந்தார்கள். மனுதாரர் என்று இவர் பெயர். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் தங்கையின் கணவன் பெயர். இணைப்பு: மனுவின் பதினான்கு பக்கங்கள், வீட்டின் வரைபடம், பெண்ணின் படங்கள் பதினொன்று. கணவனுக்குப் பதிவுத் தபாலில் நான்கு நாளைக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆணையத்துக்கு ஓடினார். எழுத்தர் அதே சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார்.

"கல்யாணமான பொண்ணோட முகம் சார். அதுல கணவருக்கும் ஒரு பங்கு இருக்கில்லையா? அவரைக் கேக்காம மறைச்சுட்டா, நாளைக்கு என் பொண்டாட்டி முகத்தை நான் பாக்கக் கூடாதான்னு அவர் வந்து நின்னா நாங்க என்ன பதில் சொல்றது?"

அவனிடமிருந்து மறைக்கத்தானே மனுவே போட்டது என்றார் இவர்.

"அதனாலதான் சார் அவரை முதல்ல கேக்கணும்" என்றார் எழுத்தர்.

அன்று மத்தியானமே பல்செட்டுகளை கிளினிக்குகளுக்கு எடுத்துப் போகும் லேப் வண்டியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தங்கையை உட்காரவைத்து மெழுகக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டு வாசல் சந்துக்குள்ள இருக்கு, அந்தக் கார் நுழையாது என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துக் கணவன் வந்தான். தேய்த்த சட்டை. ஆணையத்தின் கடிதத்தை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தான். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"நானா தேடி வரல மச்சான். அரசாங்கமே லெட்டர் போட்டு வழி சொல்லியிருக்கு. வரைபடமெல்லாம் வச்சிருக்காங்க பாருங்க. பின்பக்க ரூம்தானே அவ படுக்கிறது?"

பல்செட்டுக்காரர் கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டார். அவன் கோபப்படவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். மறுநாளும் வந்து நின்றான். அதற்கு மறுநாளும். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது, தெருவில் நிற்க அவனுக்கு உரிமை இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டார்கள். வீட்டைப் பார்க்கிறான் என்றார். வீட்டை வேறு எங்கே வைத்துப் பார்ப்பது என்றார்கள்.

விசாரணை ஏழாவது மாடியில். ஆணையத்தின் விசாரணைகள் எல்லாம் வெளிப்படையானவை என்பதால் எல்லாவற்றையும் நேரடியாக இணையத்தில் ஒளிபரப்புவார்கள். தங்கையை வர வேண்டாம் என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் மெழுகக்காவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பெரிய பழுப்பு உறை இருந்தது.

ஆணையத்தின் தலைவர் முதலில் பேசினார். தெரு பொதுச்சொத்து என்று ஆரம்பித்தார். தெருவில் விழும் வெளிச்சமும் பொதுச்சொத்து. அந்த வெளிச்சம் ஒரு முகத்தில் பட்டுத் திரும்பினால் அதுவும் பொதுச்சொத்துதான். முகம் மட்டுமே தனிச்சொத்து. இந்த நுணுக்கத்தைப் பாமர மக்கள் புரிந்துகொள்வதில்லை. பிறகு பல்செட்டுக்காரரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"ஒரு வீட்டை மறைச்சா தெருவோட சிரிப்புல ஒரு பல்லு விழுந்த மாதிரி. பல்லு கட்டுற உங்களுக்கு நான் சொல்லணுமா? என் வீடு இருக்கிற தெரு மட்டும் ஏன் படத்துல இல்லேன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. எனக்கு எதிரிங்க இருக்காங்க. உங்களை மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு எதிரி ஏது? அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன வேணும்?"

அடுத்து கணவன். மனைவி போனதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றான். தினம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன், அதையும் மறைத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்றான். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பாசத்துக்கு எதிராக ஆணையம் ஒருநாளும் நிற்காது என்றார் தலைவர். எந்த உத்தரவு வந்தாலும் மறைக்காத மூலப்படத்தின் ஒரு பிரதி கணவருக்குத் தரப்படும் என்று அங்கேயே அறிவித்தார். கைதட்டினார்கள்.

தங்கை எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேராகக் கண்ணாடிச் சுவருக்குப் போனாள். உறையிலிருந்து மூன்று எக்ஸ்ரே படங்களை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராக ஒவ்வொன்றாகச் சுவரில் அழுத்திப் பிடித்தாள். இடது கை. மறுபடியும் இடது கை. தோளெலும்பு, நடுவில் பிளந்து.

"வெளிய உக்காந்திருந்தப்ப எடுத்த படத்துக்கு இத்தனை விசாரணை. இது நான் வீட்டுக்குள்ள இருந்தப்ப எடுத்தது. தேதி போட்டிருக்கு. இதையும் எல்லாரும் பாக்கிற மாதிரி போடுங்க."

கணவன் தன் செருப்பைப் பார்த்தான். தலைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டவர்போல அவருடைய காது சிவந்தது.

"என்னம்மா இது? புருஷன் பொண்டாட்டிக்குள்ள நடந்தது. இதெல்லாம் அந்தரங்கம். நாலு பேர் முன்னால காட்டுற விஷயமா?"

கேமராவை அணைக்கச் சொல்லிக் கையசைத்தார். ஆணையம் ஆரம்பித்த ஆறு வருடத்தில் ஒளிபரப்பு நின்றது அன்று ஒருநாள்தான். எக்ஸ்ரேக்கள் விசாரணைக் குறிப்பில் ஏறவில்லை. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை மதித்து அவை பார்வைக்கு எடுக்கப்படவில்லை என்று மட்டும் ஒரு வரி ஏறியது.

மெழுகக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து மேசை வரைக்கும் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டருங்க அனுப்புற வாய் அச்சுல வேலை பாக்கிறவ நான். சீழ் பிடிச்சது, புழு வச்சதுன்னு எத்தனையோ வாயோட அச்சு என் கைக்கு வந்திருக்கு. இந்த நாத்தத்தைப் பாத்ததில்ல."

தலைவர் அதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார், அவமதிப்பு என்று. கணவன் மூலப்படத்தின் பிரதிக்குக் கையெழுத்துப் போட வரிசையில் நின்ற நேரத்தில், அக்கா தங்கையை ஊழியர்களின் லிஃப்டில் இறக்கிக் கூட்டிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தங்கை அக்கா வீட்டிலிருந்தும் போய்விட்டாள். எங்கே என்று அக்காவுக்கும் தெரியாது. தலையணைக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. தெரிந்தால் யாராவது படிவத்தில் எழுத வைத்துவிடுவார்கள் அக்கா, அதனால் சொல்லவில்லை, அண்ணாவிடம் என்மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். அண்ணன் அதைப் படித்துவிட்டு நாள் முழுவதும் ஒரே பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது தேய்ந்து அரிசி அளவுக்கு வந்துவிட்டது.

ஏழு வாரம் கழித்து ஆணையத்திலிருந்து கடிதம். மனு கருணையோடு ஏற்கப்பட்டது. முகம் மறைக்கப்படும். ஆனால் முகத்துக்கு உரியவர் உத்தரவை நேரில் வாங்கிக் கையெழுத்திட்ட பிறகே அது நடைமுறைக்கு வரும். அதுவரை படம் உள்ளபடியே இருக்கும். ஆகவே அவருடைய தற்போதைய முகவரியை இணைப்புப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடவும். நகல் எதிர்த்தரப்புக்கும் அனுப்பப்படும்.

பல்செட்டுக்காரர் அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. 'தெரியாது' என்பது முகவரி அல்ல என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

வாரத்தில் ஒருநாள் தங்கை கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர். வேலை கிடைத்துவிட்டது என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. வெயில் படுகிற மாதிரி ஒரு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி ஊர்ப்பெயர்களைக் கூவ ஆரம்பித்தார்.

பல்செட்டுக்காரர் அவசரமாகப் போனைக் காதிலிருந்து எடுத்தார். பஸ் கிளம்பியிருக்கும் என்று தோன்றும்வரை அதை எட்டத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.